மோட்டாருக்கு வாங்கிய சிம்

எங்கள் தோட்டத்து மோட்டாருக்கு ஒரு போன் நம்பர் உண்டு. வெளியூர் நண்பர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அன்னூர்ப் பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே எல்லார் மோட்டாருக்கும் நம்பர் உண்டு. த்ரீ ஃபேஸ் கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும். அதற்காக நாள் முழுக்க மோட்டார் ரூமில் காவல் இருக்க முடியாது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம்மைப் போட்டுவிட்டால், கல்யாண மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே மோட்டாருக்குப் போன் போடலாம். ஒரு பெண் குரல் எடுக்கும். ஒன்றை அழுத்தினால் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். எங்கள் அப்பா அந்தக் குரலுக்கு "சரிங்க அம்மணி" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்.

அந்த சிம்மைத்தான் நான் கழற்றினேன்.

பெயர் இல்லாமல் சமூக வலைத்தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. எங்கள் பக்கம் வாயைத் திறந்தால் முதல் கேள்வி, "ஏனுங்க, நீங்க யாரு ஊட்டுப் பையன்?" என்பதுதான். எந்த ஊர், குலத்தில் என்ன கூட்டம், அம்மா எந்தப் பக்கம் என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் நாம் சொல்ல வந்தது காதில் விழும். நாம் சொன்னதை அப்பாவின் கணக்கில் எழுதிவிடுவார்கள். யார் வீட்டுப் பையனும் இல்லாமல் ஒரு வார்த்தை பேசிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஆனால் கணக்குத் தொடங்க ஒரு போன் நம்பர் வேண்டும். ஊரிலிருந்தே தினம் போய்வந்து சரவணம்பட்டியில் கணினி வேலையில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். என் நம்பரையோ வீட்டில் இருப்பவர்கள் நம்பரையோ கொடுக்கிற அளவுக்கு முட்டாள் இல்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூமுக்குப் போய், பெட்டியைத் திறந்து, சிம்மை எடுத்து ஒரு பழைய போனில் போட்டேன். ஓடிபி வந்தது. ஒரு மின்னஞ்சல், ஒரு கணக்கு, இரண்டையும் தொடங்கிவிட்டு சிம்மைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். பத்து நிமிட வேலை.

நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மண்வெட்டியோடு அண்ணன் நின்றிருந்தார். எங்கள் தோட்டத்தில் இருபத்தைந்து வருடமாகத் தண்ணி கட்டுகிறவர். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

"என்னங்க சின்னவருங்க, மோட்டாரு ரிப்பேருங்களா?"

"இல்லீங்ணா, சிம்மு சரியா உக்காரல. எடுத்துத் தொடச்சுப் போட்டேன்."

அவர் தலையாட்டிவிட்டு வாழைக்குள் இறங்கிப் போனார்.

அந்த சிம் அவர் பேரில் இருந்தது. அது நேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்னூர் பஸ் ஸ்டாண்டில் குடை விரித்து சிம் விற்பவரிடம் வாங்கினோம். அப்பா ஆதார் கார்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். அண்ணன் ரேஷன் கடைக்குப் போவதற்காகத் தன்னுடையதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "டேய், உன் கார்டக் குடு. அதுல ஒரு வெரல் வெய்யி" என்றார் அப்பா. எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. மெஷின் அவர் ரேகையை நாலு தடவை ஏற்கவில்லை. துண்டில் துடைத்துத் துடைத்து வைத்து, ஐந்தாவது தடவைதான் பச்சை விளக்கு எரிந்தது.

எங்கள் ஊரில் 'ங்க' போடாமல் பேச்சு கிடையாது. நாயைத் துரத்தினாலும் 'போங்க' என்றுதான் துரத்துவோம் என்று மதுரைக்காரர்கள் கேலி செய்வார்கள். அப்பாவும் அந்த ரகம்தான். பேரன் பேத்தி எடுத்துவிட்ட அண்ணனிடம் மட்டும் வாடா, போடா. அண்ணன் ஊருக்குத் தள்ளியிருக்கிற காலனியிலிருந்து வருகிறவர் என்று சொன்னால் போதும், இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சிம் அவர் பேரில் இருப்பது கணக்குத் தொடங்கும்போது ஞாபகத்தில் இல்லை என்று எழுதத்தான் கை வருகிறது. பொய். ஞாபகம் இருந்தது. அவர் பேரில் இருப்பதால் எனக்குப் பத்திரம் என்று நினைத்தேன். அவருக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

கணக்குக்கு ஓர் எருமையின் முகத்தைப் படமாக வைத்தேன். எதற்கும் அசராத நல்ல முகம். அது ஊர் விஷயங்களை எழுத ஆரம்பித்தது. போட்ட மூன்றாம் மாதமே பெயர்ந்துபோன ரோடு, டாக்டர் வராத ஆஸ்பத்திரி, திறப்பு விழாவுக்கு மட்டும் எரிந்த தெருவிளக்கு. கோபப்படாமல், வெடுக்கென்று ஒரு வரி. மூன்று மாதத்தில் பேக்கரிகளில் "எருமை என்ன சொல்லுச்சு பாத்தீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் கூட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்கே எருமை வந்து சேர்ந்தது. அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னிடமே படித்துக் காட்டினார். "எவனோ நம்ம பக்கத்து ஆளுதான் கண்ணு. கொழுப்பெடுத்தவன்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். என் வாழ்நாளில் அப்பா என்னை அவ்வளவு பாராட்டியது அன்றைக்குத்தான், அதுவும் நான் யார் என்று தெரியாமல்.

பங்குனியில், எங்கள் பக்கம் நாலைந்து ஊர் நிலத்தைத் தொழிற்சாலைகளுக்கு எடுக்கப் போவதாகப் பேச்சு வந்து, கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். மண்டபத்து வாசலில் ஒரு நோட்டு. அதில் கையெழுத்துப் போட்டால் உள்ளே டீயும் வடையும். வெயிலில் வந்த ஜனம் போட்டுவிட்டு உள்ளே போனது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் கையெழுத்துகள் எல்லாம் நிலம் தரச் சம்மதித்தவர்களின் பட்டியலாகி இருந்தன. எருமை எழுதியது: "டீ குடிச்சதுக்குக் கையெழுத்து வாங்கி நெலம் குடுத்ததா எழுதிட்டாங்க. நல்லவேளை நான் வடை திங்கல. தின்னிருந்தா ஊடும் போயிருக்கும்."

அது திருப்பூர், ஈரோடு என்று எங்கெங்கோ போனது. டீக்கடைப் பலகையில் ஒருவர் சாக்பீஸில் எழுதியே வைத்துவிட்டார். நான் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி குளிர்ந்து போயிருந்தது.

வைகாசியில் ஒரு நாள் காலை பத்தரைக்கு அப்பா போன் செய்தார்.

"கண்ணு, நம்ம தண்ணி கட்டறவனைப் போலீஸ்காரங்க கூட்டீட்டுப் போயிட்டாங்க. மப்டியில ரெண்டு பேரு வந்தாங்க. இந்த நம்பர் யாருதுன்னு கேட்டாங்க. நம்ம மோட்டாருதுங்கன்னேன். நம்பல. எம் முன்னாலயே அந்த நம்பருக்குப் போன் போட்டான். அந்தப் பொண்ணு எடுத்து, ஒன்ன அமுக்குன்னு சொல்லுச்சா, அவனும் அமுக்கிப்போட்டான். மோட்டாரு ஓடுது, தொட்டியில தண்ணி உழுகுது. கிண்டல் பண்றீங்களான்னு அவனுக்குக் கோவம் வந்துருச்சு. பெட்டியவே செவுத்துலருந்து கழட்டி எடுத்துக்கிட்டாங்க. வாட்ஸ்அப்புல வந்த அந்த எருமையச் சொல்றாங்க கண்ணு. அந்த எருமைக்கும் இவனுக்கும் என்ன?"

"பாக்கறேனுங்க அப்பா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

கீழே இறங்கி காருக்குள் போய் உட்கார்ந்தேன். கணக்குத் தொடங்கியபோது உண்டாக்கிய அந்த மின்னஞ்சல் ஞாபகம் வந்தது. அதன் பிறகு அதை ஒரு நாளும் திறந்ததில்லை. திறந்தேன். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அந்தச் சமூக வலைத்தளக் கம்பெனி ஒரு கடிதம் போட்டிருந்தது. உங்கள் கணக்கைப் பற்றிய விவரங்களை அரசாங்கம் கேட்டிருக்கிறது, சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டோம், உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிக முக்கியம், இப்படிக்கு. அதே பக்கத்தில் 'உங்கள் கணக்கு உங்கள் கட்டுப்பாட்டில்' என்று பச்சை எழுத்தில் ஒரு வரி.

ஸ்டியரிங்கை ஓங்கி அடித்தேன். நம்பி அல்லவா எழுதினேன், பேர் கேட்க மாட்டோம் என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, கேட்டவன் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார்களே என்று கொதித்தது. ரோடு சரியில்லை என்று சொன்னவனைக் கண்டுபிடிக்க இத்தனை பேர் மெனக்கெட்டிருக்கிறார்களே, அந்த மெனக்கெடலில் ரோட்டையே போட்டிருக்கலாமே என்று கத்தினேன். கார் கண்ணாடி ஏற்றியிருந்தது.

அப்படியே நேராகப் போய், எழுதியவன் நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். பதினொன்றரைக்கு ஒரு மீட்டிங் இருந்தது. மாடிக்குப் போய் அதில் உட்கார்ந்தேன். இரண்டு மணிக்கு இன்னொன்று. அதிலும் உட்கார்ந்தேன்.

தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆறு. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். "அப்பா, அந்த எருமை நான்தானுங்க."

அவர் திடுக்கிடவில்லை. அதை அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை. "சரி, உக்காரு" என்றார். பிறகு, "நீ இதுல வாயத் தொறக்காத. ரெண்டு நாள்ல உட்டுருவாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவன், அவன என்ன பண்ணிருவாங்க? உன்னையப் புடிச்சா வேல போயிரும், உன்ற புள்ளைங்க படிப்பு போயிரும்" என்றார். நான் வாதாடவில்லை. வாதாடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சோறு போட்டார்கள், சாப்பிட்டேன்.

மறுநாள் அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்தி ஜாமீனில் விட்டார்கள். வதந்தி பரப்பினார், ஜனங்களைத் தூண்டிவிட்டார் என்று வழக்கு, அவர் பேரில். திங்களும் வியாழனும் கோயமுத்தூருக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்றால் ரேகை. இரண்டு பஸ் மாறிப் போய் வருவதற்குள் பாதி நாள் ஓடிவிடும்.

விட்ட மூன்றாம் நாள் மண்வெட்டியோடு வாழைக்குள் வந்து நின்றார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்காகத்தான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு கதை ஓட ஆரம்பித்தது. சிம்மை நான் எடுத்ததைப் பார்த்த ஒரே ஆள் அவர். எவ்வளவு மிரட்டியிருப்பார்கள், இருந்தும் என் பேரைச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மனைவியிடம் சொல்லும்போது அழுதே விட்டேன். அந்த அழுகை எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்று இப்போது தெரிகிறது.

ஒன்றரை மாதம் இப்படிப் போனது. திங்களும் வியாழனும் காலையில் நான் ஆபீசுக்கு வண்டியை எடுக்கும்போது அவர் பஸ் நிறுத்தத்தில் வெள்ளை வேட்டியோடு நிற்பார். ஒரு வியாழக்கிழமை அதற்கு மேல் தாங்க முடியாமல், வண்டியை நேராக நகரத்துக்கு விட்டேன். இணைய விவகாரங்களைப் பார்க்கிற அலுவலகம். அதிகாரி என் வயதுதான் இருப்பார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார்.

"அந்த எருமைக் கணக்கு என்னுதுங்க. அவருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லீங்க" என்றேன். ஒன்றரை மாதம் தூக்கிச் சுமந்த வார்த்தை.

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்புகூட இல்லை, தெரிந்தவரைப் பார்த்த சிரிப்பு. அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். என் ஆபீஸ் கட்டடத்திலிருந்து எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு எருமையைத் திறந்தேன் என்று இருந்தது. வீட்டு வைஃபையில் எத்தனை தடவை என்று இருந்தது. என் போனின் மாடல் இருந்தது. என் புகைப்படம் இருந்தது, ஆபீஸ் அடையாள அட்டையில் இருப்பது.

"மொத நாளே தெரியுமுங்க சார். எருமை நல்லாத்தான் எழுதுமுங்க, நானே சிரிச்சிருக்கேன்."

"அப்பறம் ஏனுங்க அவரைப் புடிச்சீங்க?"

"உங்க பேர உங்கப்பாருகிட்டச் சொன்னமுங்க, அன்னைக்கு மத்தியானமே வந்துட்டாருங்களே. கூட பெரிய மனுசங்க நாலு பேரு. பையன் தெரியாமப் பண்ணிட்டானுங்கன்னாங்க. எங்களுக்கும் மேல ஒரு ஆளக் காட்டோணும். நம்பரு யாரு பேர்ல இருக்குதோ அவரு பேர்ல எழுதறது சுலுவுங்க." ஃபைலை மூடியபடி, "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்.

டீ ஆறிப் போயிருந்தது. யாருக்கும் தெரியாமல் எழுதுகிறேன் என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது இந்த ஃபைல் நாளுக்கு ஒரு பக்கமாகத் தடித்துக்கொண்டிருந்திருக்கிறது. யார் வீட்டுப் பையனும் இல்லாமல் இருக்கப் போனவனை, யார் வீட்டுப் பையன் என்று பார்த்துத்தான் தப்ப விட்டிருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று காது மடல் சுட்டது. ஏமாந்தது நான்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் நினைத்தேன்.

"நான் எழுதிக் குடுக்கறேனுங்க. பேப்பர் குடுங்க."

"தாராளமாக் குடுங்க, வாங்கிக்கறேன். ஆனா நான்தான் எழுதினேன்னு அவரு ரேகை வெச்சிருக்காருங்க. அப்பறம் பொய் சொன்னதுக்கு அவரு மேல ஒன்னு, உங்க மேல ஒன்னுன்னு ரெண்டாயிரும். யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். அண்ணன் நல்லதுக்காகத்தான் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

நேராக அப்பாவிடம் போய்க் கத்தினேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? தெரிஞ்சுட்டே தெரியாத மாதிரி உக்காந்திருந்தீங்களே!" அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "பின்ன? உன்னையத் தூக்கி உள்ள வெச்சுப்போட்டு நான் பாத்துட்டு இருக்கட்டுமா? எவனுக்காகக் கத்தற நீ?" என்றார். எவனுக்காக என்று அவர் கேட்ட தொனியில் எனக்குப் பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் எனக்காகத்தான் கத்திக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இருபத்தைந்து வருடத்தில் காலனி முனையில் நின்று ஹாரன் அடித்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. அவர் பதறி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணி தரலாமா வேண்டாமா என்று அவருக்குத் தயக்கம். நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். அதையும் ஒரு பெருமையோடுதான் குடித்தேன்.

"அண்ணா, எம் பேரச் சொல்லாம நீங்க காப்பாத்துனதுக்கு நான் என்ன செய்யறதுன்னே தெரியலீங்ணா" என்றேன். குரல் தழுதழுத்தது. தழுதழுக்கட்டும் என்று விட்டேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"சொன்னேனுங்களே" என்றார்.

"என்னங்ணா?"

"மொத நாளே சொல்லிப்போட்டனுங்க. வண்டியில போகயிலயே சொன்னேன். நானில்லீங்க, சின்னவருதான் சிம்மக் கழட்டி போன்ல போட்டாரு, எங் கண்ணால பாத்தேன்னு. ஸ்டேசன்லயும் சொன்னனுங்க. ரெண்டு தரஞ் சொன்னேன். அவங்க எழுதிக்கலீங்க. நீ கம்முனு இரு, வெரல மட்டும் வெய்யின்னாங்க."

அவர் சொன்னதும் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். காட்டிக்கொடுத்துவிட்டாரே என்று கோபம் வந்தது. இருபத்தைந்து வருடம் எங்கள் தோட்டத்தில் இருந்துவிட்டு என் பேரைச் சொல்லிவிட்டாரே என்று. ஒரு நொடிதான். ஆனால் வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தம்ளரைக் கீழே வைத்தேன்.

அவர் தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, தோட்டத்தில் என்னிடம் ஒருபோதும் பேசாத ஒரு நிதானத்தோடு கேட்டார். "நீங்க படிச்சவருங்க. நான் இன்னொருக்காச் சொல்றேன். நீங்க எழுதிக்கறீங்களா? அடீல உங்க பேரு போட்டுக் குடுத்தீங்கன்னா, நானே கொண்டுபோய்க் குடுத்தர்றனுங்க."

"நாளைக்குப் பேப்பரோட வாரேனுங்ணா" என்றேன்.

ஆடியில் சொன்னது. தை பிறந்துவிட்டது. இன்னும் போகவில்லை.